பழைய சேர்க்கைப் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றுவது: எங்கிருந்து தொடங்குவது?

நெல்லை_எழுத்தர்

வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்தில் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி. 1954-ல் நடுநிலைப் பள்ளியாகத் தொடங்கி, அப்புறம் உயர்நிலை, அப்புறம் மேல்நிலை என்று வளர்ந்தது. சேர்க்கை நீக்கப் பதிவேடு 9 வால்யூம் இருக்கிறது. கடைசி சேர்க்கை எண் 18,400-ஐத் தொட்டுவிட்டது. இதுபோக டி.சி. அடிக்கட்டைகள், மதிப்பெண் பதிவேடுகள், வருகைப் பதிவேடுகள் என்று இரண்டு பீரோவும் ஒரு அறையும் நிறைந்து கிடக்கின்றன. முதல் இரண்டு வால்யூமின் ஓரம் ராமபாணம் அரித்துப் பொடிகிறது.

இப்போது படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் தரவுத்தளம்) இருக்கிறார்கள். பழையதையும் கணினியில் ஏற்றி, மொத்தப் பள்ளிக்கும் ஒரு ஸ்கூல் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் வாங்கிவிடலாம் என்று நிர்வாகம் நினைக்கிறது. வந்து பேசிய நிறுவனம், "ரெஜிஸ்டரை எங்களிடம் கொடுங்கள், ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரே படித்து டைப் ஆகிவிடும், பேப்பரை அப்புறம் கழித்துவிடலாம்" என்கிறது.

என் கேள்விகள்: எல்லாப் பதிவேட்டையும் முழுதாக ஏற்ற வேண்டுமா? பெயரைத் தமிழில் ஏற்றுவதா, ஆங்கிலத்திலா? பேப்பரை உண்மையிலேயே கழிக்க முடியுமா? ஆபீஸில் நானும் இன்னொருவரும்தான். செய்து முடித்தவர்கள் வழி சொல்லுங்கள்.

---

பதிவறை

சார், முதலில் ரெஜிஸ்டரை வாசலைத் தாண்டி அனுப்பாதீர்கள். ஸ்கேன் செய்வதானால் ஆள் உங்கள் ஆபீஸுக்கு வந்து, உங்கள் கண் முன்னால் செய்யட்டும். தமிழ்க் கையெழுத்தை, அதுவும் 1950-களின் மை மங்கிய கையெழுத்தை, கணினி தானே படித்துப் பெயரையும் பிறந்த தேதியையும் சரியாக எடுத்துவிடும் என்று நம்பி வேலையைத் திட்டமிடக் கூடாது. அச்செழுத்து வேறு, இது வேறு. ஒரு பிறந்த தேதியில் 1 என்பது 7 ஆனால் அது ஒருவருடைய வேலையோ பென்ஷனோ சம்பந்தப்பட்ட விஷயம்.

உங்கள் முன் இருப்பது இரண்டு தனி வேலைகள். இப்போது படிக்கும் பிள்ளைகளுக்கு எமிஸ்தான் மூலம். அங்கே இருப்பதை இறக்கி உங்கள் பக்கம் வைத்துக்கொண்டால் போதும், இன்னொரு முறை டைப் செய்வது வீண். பழைய மாணவர்கள் கதை வேறு. அவர்கள் எதற்காக ஆபீஸ் படியேறி வருகிறார்கள் என்று பாருங்கள்: டூப்ளிகேட் டி.சி., படிப்புச் சான்று, தமிழ்வழிச் சான்று, பிறந்த தேதிச் சான்று. அதுபோக வேலை கொடுத்த அலுவலகங்களிலிருந்து உண்மைத்தன்மை கேட்டு வரும் கடிதங்கள். இவை எல்லாவற்றிலும் நேரம் போவது ஒரே இடத்தில்தான், சரியான பக்கத்தைக் கண்டுபிடிப்பதில். வருகிறவருக்குச் சேர்க்கை எண் தெரியாது. "எழுபத்திரண்டோ மூன்றோ, எட்டாவதில் சேர்ந்தேன்" என்பார்.

அதனால் முழுப் பதிவேட்டையும் டைப் செய்ய வேண்டாம். ஒரு அகரவரிசைக் குறிப்பும் பக்கத்தின் படமும் போதும். குறிப்பில் நான் வைக்கச் சொல்லும் கட்டங்கள்: தொடர், சேர்க்கை எண், தலைப்பெழுத்து, பெயர், தந்தை அல்லது காப்பாளர் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, சேர்ந்த வகுப்பு, நீங்கிய தேதி, வால்யூம் எண், பக்க எண். முகவரி, சாதி, அங்க அடையாளம், முன்பு படித்த பள்ளி இதெல்லாம் படத்தில் இருக்கிறது. தேவைப்படும்போது படத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

"தொடர்" என்று ஒரு கட்டம் ஏன் என்றால், நடுநிலை உயர்நிலையாகத் தரம் உயரும்போது பல பள்ளிகளில் சேர்க்கை எண்ணை மறுபடி 1-லிருந்து தொடங்கியிருப்பார்கள். தொடக்கப் பிரிவுக்குத் தனி எண்வரிசையும் இருக்கும். சேர்க்கை எண்ணை மட்டும் அடையாளமாக வைத்தால் 412 என்ற எண்ணில் மூன்று பேர் நிற்பார்கள். வால்யூம்களைத் திறந்து எங்கெங்கே எண் புதிதாகத் தொடங்குகிறது என்பதை முதல் நாளே குறித்து, தொடர் 1, தொடர் 2 என்று பெயர் வையுங்கள்.

அளவு பார்க்கலாம். பதிவேட்டை விரித்தால் இடதும் வலதுமாக ஒரு வரியில் ஒரு மாணவர், பக்கத்துக்குச் சுமார் 20 வரி. 18,400-ஐ 20-ஆல் வகுத்தால் 920 விரிப்புதான். நிதானமாகச் செய்தாலும் ஒரு வாரத்துக்குள் படம் எடுத்து முடியும். படுக்கை வசத்தில் இருக்கும் ஏ4 ஸ்கேனரில் ரெஜிஸ்டரைக் கவிழ்த்து அமுக்கினால் முதுகு பிளந்துவிடும். தாள் இழுக்கும் ஸ்கேனருக்காகத் தையலைப் பிரிக்கவே கூடாது. மேலிருந்து படம் எடுக்கும் ஸ்கேனர் வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஸ்டாண்டில் மாட்டிய போன் போதும். ஆனால் 12 மெகாபிக்சல் போனில் முழு விரிப்பையும் ஒரே படமாக எடுத்தால் அங்குலத்துக்கு 240 புள்ளிதான் கிடைக்கும். இடப் பக்கம், வலப் பக்கம் என்று தனித்தனியாக எடுத்தால் 300-ஐத் தாண்டும். வெளிச்சம் இரு பக்கமும் சாய்வாக வரட்டும், ஃபிளாஷ் வேண்டாம். தாள் வளைந்தால் மேலே ஒரு சுத்தமான கண்ணாடித் தகடு வையுங்கள்.

முக்கியமாக, "டாக்குமென்ட் ஸ்கேனர்" ஆப்பில் எடுக்காதீர்கள். அது தாளை வெளுப்பாக்குவதற்காகப் பென்சில் குறிப்பையும் வெளிறிய சிவப்பு மையையும் சேர்த்துத் துடைத்துவிடும். பிறந்த தேதித் திருத்தம், டி.சி. கொடுத்த குறிப்பு எல்லாம் அந்தச் சிவப்பு மையில்தான் இருக்கும். சாதாரண கேமராவில், வண்ணத்தில் எடுங்கள். கோப்புப் பெயரில் வால்யூம் இரண்டு இலக்கம், விரிப்பு மூன்று இலக்கம், பக்கம் ஒரு இலக்கம்: 05-112-1 இடது, 05-112-2 வலது. எழுதாத வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள். பின்னால் பக்கம் விடுபட்டதா, வெற்றா என்ற சந்தேகம் வராது.

டைப் செய்வது படத்தைப் பார்த்துத்தான், ரெஜிஸ்டரைப் புரட்டி அல்ல. திரையில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், தாளும் பிழைக்கும். ஒரு பதிவுக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்தால் மணிக்கு 40. 18,400-க்கு 460 மணி நேரம். தினம் மூன்று மணி நேரம் ஒருவர் உட்கார்ந்தால் 150-க்கு மேல் வேலை நாள் ஆகும். இதை நிர்வாகத்திடம் முதலிலேயே எழுதிக் கொடுங்கள். ஜூனுக்குள் முடி என்றால் ஆள் வேண்டும்.

எந்த வால்யூமில் தொடங்குவது என்றால், பொடிகிற இரண்டையும் முதலில் படம் எடுத்துவிடுங்கள். டைப் செய்வதை மட்டும் கடைசி வால்யூமிலிருந்து பின்னோக்கிப் போங்கள். தேடி வருகிறவர்களில் பெரும்பாலோர் அண்மைக் காலத்தில் படித்தவர்கள். பாதி வேலை முடிந்ததுமே பலன் தெரியும்.

---

யூனிகோடு_தாசன்

பதிவறை சொன்னதோடு தொழில்நுட்பப் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

பெயர் பதிவேட்டில் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில் ஏற்றுங்கள். தமிழில் இருப்பதை ஆங்கிலமாக்கிக்கொண்டே போனால் ஒரே "வள்ளியம்மாள்" ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில் வரும், அப்புறம் தேடவே முடியாது. ஆங்கிலப் பெயர் வேண்டுமென்றால் தனிக் கட்டம் வைத்து, சான்று கேட்டு வரும்போது அவருடைய எஸ்.எஸ்.எல்.சி. சான்றைப் பார்த்து நிரப்புங்கள்.

எழுத்துரு யூனிகோடு மட்டுமே. தமிழக அரசும் 2010-லேயே அதை ஏற்றுவிட்டது. ஆபீஸில் யாராவது முன்பு வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் பட்டியல் அடித்து வைத்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள். என்.எச்.எம். கன்வர்ட்டரில் மாற்றிக்கொள்ளலாம்.

யூனிகோடிலும் ஒரு கண்ணி இருக்கிறது. "பொன்னையா" என்பதில் வரும் பொ, ஒரு கீபோர்டில் ஒற்றைக் குறியாகப் பதிவாகும், இன்னொன்றில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகப் பதிவாகும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. தேடினால் பாதிப் பொன்னையாக்கள் வரமாட்டார்கள். எல்லாரும் ஒரே தமிழ்99 கீபோர்டைப் பயன்படுத்துங்கள். முடிந்ததும் மொத்தப் பட்டியலையும் ஒருமுறை என்.எஃப்.சி. என்ற முறைக்கு (பிரிந்து பதிவான குறிகளை ஒற்றைக் குறியாகச் சேர்க்கும் யூனிகோடு முறை) மாற்றச் சொல்லுங்கள், இரண்டு வரி நிரல்தான். ஆனால் "கௌரி"யைக் கொம்பு போட்டு ள எழுதி "கெளரி" என்று அடித்திருந்தால் அது தானாகச் சரியாகாது. அதை வடிகட்டிக் கையால் திருத்த வேண்டும்.

அடுத்தது எக்ஸெல். பிறந்த தேதியை 07/11/1961 என்று ஒரே கட்டத்தில் அடிக்காதீர்கள். கணினியின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் அது ஜூலை 11 ஆகிவிடும். 25/11/1961-ஐ அப்படி மாற்ற முடியாததால் வெறும் எழுத்தாக விட்டுவிடும். 12-ம் தேதி வரை பிறந்தவர்கள் எல்லாருக்கும் நாளும் மாதமும் இடம் மாறி நிற்கும், யாருக்கும் தெரியாது. நாள், மாதம், ஆண்டு என்று மூன்று கட்டமாக வையுங்கள், ஆண்டு நாலு இலக்கம். இன்னொன்று, எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கம்தான் காப்பாற்றும். 16 இலக்க எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். நீளமான எண் வரும் கட்டங்களை முதலிலேயே "டெக்ஸ்ட்" என்று மாற்றிவிட்டு அடியுங்கள். வேறு மென்பொருளுக்குக் கொடுக்கும்போது வெறும் சி.எஸ்.வி. என்று சேமித்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகும். "சி.எஸ்.வி. யூ.டி.எஃப்-8" என்று தனியாக ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள்.

பெயரைத் தேட ஒரு வழி. ஜெயலக்ஷ்மி, ஜெயலட்சுமி, செயலட்சுமி மூவரும் ஒருவராக இருக்கலாம். பதிவேட்டில் ஒருவிதம், வந்து கேட்பவர் சொல்வது ஒருவிதம். அதற்குப் பெயருக்குப் பக்கத்தில் "தேடல் வடிவம்" என்று ஒரு கட்டத்தைக் கணினியே உண்டாக்கட்டும். விதி இதுதான்: முதலில் க்ஷ என்பதை டச ஆக்கு. உயிரெழுத்து, புள்ளி, கால், கொம்பு எல்லாவற்றையும் நீக்கு. க்ஷ என்பதை டச ஆக்கு. ஜ, ஸ, ஷ மூன்றும் ச. ள, ழ இரண்டும் ல. ண, ந இரண்டும் ன. ற என்பது ர. ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால் ஒன்றாக்கு. இப்படிச் செய்தால் அந்த மூன்று பெயரும் "சயலடசம" என்று ஒன்றாகிவிடும். இராமசாமியும் ராமசாமியும் "ரமசம". சண்முகமும் ஷண்முகமும் "சனமகம". தேடினால் கூடுதலாகச் சில பெயர்கள் வரும், பரவாயில்லை. தந்தை பெயரையும் ஆண்டையும் வைத்துச் சரியானவரை எடுத்துக்கொள்ளலாம். வராமல் போவதுதான் ஆபத்து.

18,400 வரிக்கு சர்வரெல்லாம் தேவையில்லை. எக்ஸெல் ஒரு தாளில் பத்து லட்சத்துக்கு மேல் வரி கொள்ளும். லிப்ரே ஆபீஸும் போதும்.

---

கணினி_ஆசிரியர்_மதுரை

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. எப்படியும் உட்கார்ந்து டைப் செய்கிறோம், எல்லாக் கட்டத்தையும் சேர்த்து ஏற்றிவிட்டால் நாளைக்கு டி.சி.யையே ஒரு கிளிக்கில் அச்செடுக்கலாமே? பாதி வேலை செய்து நிறுத்துவது போல இருக்கிறது.

---

பதிவறை

சார், கேள்வி நியாயமானது. ஆனால் கட்டம் கூடக் கூடப் பிழையும் கூடும், சரிபார்க்கிற ஆள் அதே இரண்டு பேர்தான். 18,400 பேரில் இனி எத்தனை பேர் சான்று கேட்டு வருவார்கள்? வருகிறவருக்கு மட்டும் அன்றைக்கு அந்த வரியை முழுதாக டைப் செய்து, தலைமையாசிரியர் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்ததும் "சரிபார்த்தது" என்று குறியிட்டுவிடுங்கள். தேவைப்படுகிற வரி தேவைப்படும்போது முழுமையாகும். சரிபார்க்காத வரியிலிருந்து சான்று அச்சடிக்க வழியே இருக்கக் கூடாது. ஒரு கிளிக்கில் டி.சி. என்பது கேட்க நன்றாக இருக்கும். பழைய மாணவருக்கு அது தப்பான தேதியோடு கையெழுத்தாகி வெளியே போனால் திரும்பப் பெற முடியாது.

சரிபார்ப்பு பற்றி: பிறந்த தேதி, சேர்க்கை எண் இந்த இரண்டையும் இருவர் தனித்தனியாக அடித்து, வேறுபடும் வரிகளை மட்டும் படத்தோடு பார்க்க வேண்டும். ஒருவர் அடித்ததை இன்னொருவர் படித்துப் பார்ப்பது போதாது, கண் பழகிவிடும். பெரும்பாலான பதிவேடுகளில் பிறந்த தேதி எண்ணாலும் எழுத்தாலும் இருக்கும். ஒருவர் எண்ணைப் பார்த்து அடிக்கட்டும், மற்றவர் எழுத்தைப் பார்த்து அடிக்கட்டும்.

கணினியையே சோதிக்கச் சொல்லலாம். சேர்ந்த ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்து, அதிலிருந்து வகுப்பைக் கழித்தால் பொதுவாக 5 வரும். 1968-ல் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர் 1957-ல் பிறந்தவர் என்றால் 11, அதில் 6 போனால் 5. நான்கு முதல் எட்டு வரை விட்டுவிடுங்கள், மற்றவற்றைச் சிவப்பாக்கி எடுத்துப் பாருங்கள். சேர்க்கை எண்ணில் இடைவெளி, இரட்டிப்பு இரண்டையும் இதே மாதிரி வடிகட்டலாம். இரட்டிப்பு எல்லாமே பிழை அல்ல, நீங்கிப் போய்த் திரும்பச் சேர்ந்தவருக்கு அதே எண்ணைக் கொடுத்திருப்பார்கள்.

பழைய வால்யூமுக்கு இளம் ஆட்களை உட்கார வைத்தால் அரை மணி நேரம் எழுத்து சொல்லிக்கொடுங்கள். 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, ளை, னை, ணா, றா, னா இவற்றின் பழைய வடிவங்களை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். "மலையாண்டி"யை என்னவென்று அடிப்பார்கள் என்று சொல்லவே முடியாது. ஒரு அட்டையில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அதே காலத்தில் வகுப்பு "முதல் ஃபாரம்", "நாலாம் ஃபாரம்" என்று இருக்கும். முதல் ஃபாரம் ஆறாம் வகுப்பு, ஆறாம் ஃபாரம் பதினொன்று. அன்றைய எஸ்.எஸ்.எல்.சி. அதுதான். பிளஸ் டூ 1978-ல்தான் வந்தது. கட்டத்தில் "நாலாம் ஃபாரம்" என்றே அடித்துவிட்டு, 9 என்பதைப் பக்கத்துக் கட்டத்தில் போடுங்கள்.

---

தலைமையாசிரியை_தென்காசி

பேப்பரைக் கழிக்க முடியுமா என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். சேர்க்கை நீக்கப் பதிவேடு நிரந்தரப் பதிவேடு. எத்தனை ஸ்கேன் எடுத்தாலும் அதைக் கழிக்கக் கூடாது. பிறந்த தேதி வழக்குகளில் நீதிமன்றம் தலைமையாசிரியரை ரெஜிஸ்டரோடு வரச் சொல்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 94 வயதைத் தீர்மானிக்கும் வரிசையைச் சொல்கிறது. அதில் முதலில் வருவது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றும் பத்தாம் வகுப்புச் சான்றும்தான். உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்றும் மருத்துவச் சோதனையும் அதற்கு அடுத்துத்தான். ஒரு பிள்ளை சிறாரா இல்லையா என்பது உங்கள் பீரோவில் இருக்கும் ஒரு வரியைப் பொறுத்து நிற்கலாம். அந்த வரி எழுதப்பட்ட தாள் இருக்க வேண்டும்.

ஸ்கேன் படத்தை எங்காவது சான்றாகக் கொடுக்க நேர்ந்தால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63 பொருந்தும். அதற்கான சான்றிதழ்ப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் (கோப்பில் சிறிது மாறினாலும் தானும் மாறிவிடும் அடையாளக் குறி) கேட்கிறார்கள். படம் எடுத்து முடிந்த அன்றே எல்லாக் கோப்புக்கும் அந்த மதிப்பைக் கணக்கிட்டு, பட்டியலை அச்செடுத்து, தேதியும் முத்திரையும் போட்டுக் கையெழுத்திட்டு வைத்துவிட்டால் பின்னால் யாரும் படத்தை மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல இடமில்லை.

டைப் செய்பவருக்கு ஒரே கட்டளை: உள்ளது உள்ளபடி. பிப்ரவரி 30 என்று எழுதியிருந்தால் பிப்ரவரி 30 என்றே அடிக்க வேண்டும், குறிப்புக் கட்டத்தில் "மூலத்தில் இப்படி" என்று எழுத வேண்டும். (யூனிகோடு_தாசன் சொன்ன மூன்று கட்ட முறை இதற்கும் உதவும். தேதிக் கட்டமாக இருந்தால் கணினி பிப்ரவரி 30-ஐ ஏற்காது.) அடித்தல் திருத்தல் இருந்து, பக்கத்தில் தலைமையாசிரியர் சுருக்கொப்பம் இருந்தால் இரண்டு மதிப்பையும் ஏற்றுங்கள், உத்தரவு எண் எழுதியிருந்தால் அதையும். சுருக்கொப்பம் இல்லாத திருத்தத்தைத் தனிப் பட்டியலாக எடுத்து என்னைப் போல நாற்காலியில் இருப்பவரிடம் கொடுங்கள். அதைப் பற்றி முடிவெடுப்பது எழுத்தர் வேலை அல்ல.

ஊர், மாவட்டம், சமூகம் இவற்றைப் பிற்காலத்துப் பெயருக்கு மாற்றக் கூடாது. தென்காசி மாவட்டம் 2019-ல்தான் பிறந்தது. 1985-க்கு முன்னால் விருதுநகர் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. எம்.பி.சி. என்ற பிரிவே 1989-ல் வந்தது. 1975-ல் சேர்ந்தவருடைய வரியில் சாதிப் பெயர் மட்டும் இருந்தால், சாஃப்ட்வேர் "பிரிவைத் தேர்ந்தெடு" என்று கட்டாயப்படுத்துகிறது என்பதற்காக ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். கட்டாயக் கட்டங்களில் "மூலத்தில் இல்லை" என்ற தேர்வு இருக்க வேண்டும். வாங்கும் முன் இதைச் சோதியுங்கள்.

பயிற்றுமொழி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தரும் 2010 சட்டம் 2020-ல் திருத்தப்பட்டது. அதிலிருந்து பள்ளிக் காலம் முழுவதும் தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று கேட்கிறார்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் உதவிபெறும் பள்ளி என்றால் ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்வழியா என்று பார்க்க வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டில் பல காலம் இந்தக் கட்டமே கிடையாது. உங்கள் பள்ளியில் ஆங்கிலவழிப் பிரிவு எந்த ஆண்டு எந்த வகுப்பில் தொடங்கியது என்பதை மதிப்பெண் பதிவேடுகளிலிருந்து எடுத்து, ஆண்டு, வகுப்பு, பிரிவு, பயிற்றுமொழி என்று ஒரு சின்ன அட்டவணை போடுங்கள். ஒரே ஒரு பக்கம்தான் வரும். அது இல்லாமல் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பழைய மதிப்பெண் பதிவேட்டைத் தேடி ஏறி இறங்க வேண்டும். ஆகவே சேர்க்கைப் பதிவேட்டுக்கு அடுத்தபடி படம் எடுக்க வேண்டியது மதிப்பெண் பதிவேடுகள். வருகைப் பதிவேடுகளை விட்டுவிடலாம்.

பொடிகிற தாள்களை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். டேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்னும். படம் எடுத்து முடிந்ததும் சுத்தமான துணியில் சுற்றி, ஸ்டீல் பீரோவில் படுக்க வையுங்கள், சுவரோரம் வேண்டாம். படம் வந்த பிறகு அந்த வால்யூமைத் திறக்க வேண்டிய தேவையே வருஷத்தில் சில முறைதான் வரும். தாள் பிழைப்பதற்கு அதுவே பெரிய உதவி.

---

நெல்லை_எழுத்தர்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. மேடம், பயிற்றுமொழி அட்டவணை யோசனை எங்களுக்கு உடனே பயன்படும். பழைய பதிவேடு விஷயம் தெளிவாகிவிட்டது, படம் நாங்களே எடுக்கிறோம்.

நடப்பு வேலைக்கு நிர்வாகம் இன்னும் சாஃப்ட்வேர் வேண்டும் என்றுதான் சொல்கிறது. மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்ற கணக்கில் விலை கேட்கிறார்கள். பெற்றோருக்குத் தமிழில் எஸ்.எம்.எஸ்., ஆப், கட்டண ரசீது, வருகை எல்லாம் இருக்கிறதாம். கையெழுத்துப் போடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

---

யூனிகோடு_தாசன்

வருகையும் டி.சி.யும் எமிஸ் வழியாக நடக்கிறது. டி.சி. கொடுத்தால் மாணவர் எமிஸின் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்குப் போவார், அடுத்த பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். அதே வேலையை இன்னொரு சாஃப்ட்வேரிலும் செய்ய வைத்தால் ஆசிரியர்கள் இரண்டாம் மாதமே ஒன்றை விட்டுவிடுவார்கள். விடப்படுவது எது என்று சொல்லத் தேவையில்லை. எமிஸ் செய்யாததற்கு மட்டும் வாங்குங்கள்: கட்டண ரசீது, பருவத் தேர்வு மதிப்பெண், கால அட்டவணை, சான்று அச்சு. காசில்லாமல் கிப்பன், ஓபன்சிஸ், ஃபிராப்பே எஜுகேஷன் போன்ற திறந்த மென்பொருள்களும் இருக்கின்றன. ஆனால் சர்வரைப் பராமரிக்க ஒரு ஆள் நிரந்தரமாக வேண்டும். அது இல்லாத பள்ளிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒப்பந்தத்தில் முதல் வரி: எல்லாத் தரவையும், போட்டோ, ரசீது வரலாறு உட்பட, பள்ளியே எப்போது வேண்டுமானாலும் சி.எஸ்.வி.யாக இறக்கிக்கொள்ள வசதி இருக்க வேண்டும். "கேட்டால் அனுப்புவோம்" என்பதை ஏற்காதீர்கள். டெமோவின்போதே ஒரு வகுப்பை இறக்கச் சொல்லி, அந்தக் கோப்பை உங்கள் கணினியில் திறந்து, தமிழ்ப் பெயர் ஒழுங்காக வருகிறதா, தேதி புரள்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தம் முடிந்தால் எத்தனை நாளில் தரவை அழிப்பார்கள் என்பதும் எழுத்தில் வர வேண்டும். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைகள், பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் தரவைக் கையாள்வதற்குக் கட்டுப்பாடு உண்டு. தரவு கசிந்தால் முதலில் கேள்வி கேட்கப்படுவது பள்ளி. ஆதார் நகல்களை இந்த சாஃப்ட்வேரில் ஏற்றவே வேண்டாம்.

எஸ்.எம்.எஸ். பற்றி விற்பவர்கள் சொல்லாத இரண்டு விஷயம். பள்ளியின் பெயரில் டி.எல்.டி. (மொத்தமாக எஸ்.எம்.எஸ். அனுப்புவோருக்குத் தொலைபேசி நிறுவனங்கள் வைத்திருக்கும் பதிவுத் தளம்) பதிவு செய்து, அனுப்புநர் பெயருக்கும் ஒவ்வொரு வாசகத்துக்கும் முன் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் செய்தி போகாது. அந்தப் பதிவு நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் பள்ளியின் பெயரில் இருக்கட்டும். இரண்டாவது, ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம் என்றால் தமிழில் 70 இடம்தான். புள்ளியும் கொம்பும் காலும் தனி இடமாக எண்ணப்படும். "வரவில்லை" கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணக்கில் எட்டு. 70-ஐத் தாண்டினால் ஒரு துண்டுக்கு 67 இடம் என்று பிரித்து, துண்டுக்குத் துண்டு காசு எடுப்பார்கள். வாசகத்தை எழுதிய பிறகு எண்ணிப் பார்த்து, பள்ளிப் பெயரைச் சுருக்குங்கள்.

ஒவ்வொருவருக்கும் தனி லாகின். "ஆபீஸ்" என்று ஒரே பாஸ்வேர்டை எல்லாரும் பயன்படுத்தினால் யார் எதை மாற்றினார்கள் என்பது தெரியாமல் போகும். பிறந்த தேதியும் பெயரும் தலைமையாசிரியர் ஒப்புதலுக்குப் பிறகு பூட்டப்பட வேண்டும். மாற்றினால் பழைய மதிப்பும் மாற்றியவர் பெயரும் நிற்க வேண்டும். இதை டெமோவில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

---

பதிவறை

பேக்கப் யாரும் சொல்லவில்லை. உங்கள் படங்கள் விரிப்புக்கு இரண்டாக 1,840 வரும், ஒன்றுக்கு 5 எம்.பி. என்றால் 9 ஜி.பி.தான். இதற்கு மூன்று பிரதி கட்டாயம்: ஆபீஸ் கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, பள்ளி வளாகத்துக்கு வெளியே செயலாளரின் பொறுப்பில் ஒன்று. ஹார்ட் டிஸ்கைக் கணினியில் சொருகியே வைத்திருக்காதீர்கள். வைரஸ் வந்து பூட்டினால் இரண்டும் சேர்ந்து போய்விடும். பென் டிரைவை நிரந்தரப் பிரதியாக எண்ண வேண்டாம். அகரவரிசைக் கோப்பை வாரம் ஒருமுறை தேதி போட்ட புதுப் பெயரில் சேமியுங்கள், பழையதன் மேலேயே எழுதாதீர்கள். யாரோ ஒரு கட்டத்தை மட்டும் வரிசைப்படுத்தி, பெயர் ஒரு பக்கம், தேதி ஒரு பக்கம் என்று போய்விட்டது மூன்று வாரம் கழித்துத் தெரிய வந்தால், அந்தப் பழைய கோப்புதான் கைகொடுக்கும். மாதம் ஒருமுறை வெளிப் பிரதியைத் திறந்து, ஏதாவது பத்துப் படமும் பத்து வரியும் பொருந்துகிறதா என்று பார்த்து, பார்த்தவர் ஒரு நோட்டில் கையெழுத்துப் போடட்டும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்பதாம் வால்யூமில் ஐம்பது வரியை மட்டும் முழு முறைப்படி செய்து பாருங்கள்: படம், இரட்டை டைப், சோதனை, தேடல் வடிவம், பேக்கப். என்ன கட்டம் குறைகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஐம்பது வரியில் கட்டம் சேர்ப்பது சுலபம்.